தனி அறை இல்லாட்டி வீட்டுல பாடம் சொல்லக் கூடாதாமே?

கொத்தமங்கலத்துக்காரி | காலை 9:05

முந்தாநாள் இன்னொரு இழையில 'ப்ரொஜெக்டர் அப்பா' எழுதியிருந்தாக: ஏசி போட்ட தனி அறை, திரை, நல்ல மேசை நாற்காலி இதெல்லாம் இல்லாம வீட்டுலயே பிள்ளைக்குப் பாடம் சொல்றது சொப்புச் சாமான் வச்சுச் சோறாக்குற கதையாம். ரெண்டு நாளா அது எனக்குத் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.

எங்க வீட்டுல ஏழு புள்ளி, அதாவது ஏழு பங்குக் குடும்பம். எங்க பங்குக்கு வளவுல, அதான் நடு முற்றத்தச் சுத்தி, ரெண்டு அறை, அதுக்குப் பின்னால ரெண்டாங்கட்டுல ஒரு சாமான் அறை. அந்தச் சாமான் அறைதான் இப்ப என் மகளுக்குப் பள்ளிக்கூடம். எட்டடிக்குப் பத்தடி. ஒரே ஒரு சின்ன சன்னல், பகல்லயே இருட்டு. வளவுலேர்ந்து ஒயர் இழுத்து ஒரு டியூப்லைட் போட்டேன். பித்தளைத் தவலையெல்லாம் பரணுக்குப் போயிருச்சு. ஐயா கொண்டுவிக்கிற (வட்டித்தொழில் பண்ணுற) காலத்துல வச்சிருந்த கணக்குப்பிள்ளை மேசை, அந்தச் சாய்வு மேசை இருக்கே, அதத் துடைச்சுப் போட்டாச்சு. அதுல ஒரு டிராயர் தொறக்கவே தொறக்காது. உக்கார ரெண்டு தடுக்கு. சாக்பீஸுக்கு ஓலைக்கொட்டான், பென்சிலுக்கு மரவைக் கிண்ணம். மழை பேஞ்சா வடமேற்கு மூலையில ஓடு ஒழுகும், அங்க ஒரு வாளி.

ஆனா பாடம் நடக்குது. தரையில இருக்கிறது ஆத்தங்குடிக் கல்லு, ஒரு கல்லு எட்டங்குலம். நீளவாக்குல 15, அகலவாக்குல 12. பெருக்கிப் பாருன்னேன், 180ன்னா. எண்ணிப் பாருன்னேன், 176 வந்துச்சு. வாசப்படி ஓரமா நாலு கல்லு பேந்து வெறும் சிமெண்டு கெடக்கு. பெருக்கலும் கழித்தலும் ஒரே காலையில முடிஞ்சது. இதுக்கு எந்த ப்ரொஜெக்டர் வேணும்?

கிழக்குச் சுவத்துல நாலுக்கு மூணடி உப்புத்தாள் போட்டுத் தேச்சு, கரும்பலகை பெயிண்டு ரெண்டு கோட்டு அடிச்சுட்டோம். காலையில ஒம்பதரையிலேர்ந்து பதினொன்றரை வரைக்கும் பாடம். அவ்வளவுதான்.

மூணாங்கட்டு | 9:31

176 ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்த நாலு கல்ல மாத்திராதீக.

பொறியாளர் (ஓய்வு) | 9:48

எல்லாம் மகிழ்ச்சி. ஒரே ஒரு கேள்வி. கிழக்குச் சுவர் முட்டைப் பூச்சா?

தேவகோட்டை வாத்தியார் | 10:10

முதல்ல 'வீட்டுக்கல்வி'ன்னா என்னன்னு முடிவு பண்ணிட்டுப் பேசலாம். பள்ளிக்கூடத்துல பேர் இருந்து வீட்டுல கூடுதலாச் சொல்லிக் குடுக்கிறது ஒண்ணு. பேரே இல்லாம வீட்டுல மட்டும் படிக்கிறது வேற. 2009 கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1லேர்ந்து நடப்புல இருக்கு. ஆறு வயசுலேர்ந்து பதினாலு வரைக்கும். பிள்ளையப் பள்ளியில சேக்கிறது பெத்தவங்க கடமைன்னு 10வது பிரிவு சொல்லுது. ஆச்சி, உங்க பிள்ளை இதுல எந்தக் கணக்கு?

பொறியாளர் (ஓய்வு) | 10:22

வாத்தியார் ஐயா, சட்டம் பிறகு. சுவரைத் தேய்த்திருக்கிறார்கள். *உப்புத்தாள் போட்டு.* கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்து, மேல்பூச்சைக் கூழாங்கல்லால் நாள்கணக்கில் இழைத்த சுவர் அது. தொட்டால் கண்ணாடி. நூறு வருடம் வெள்ளையடிக்காமல் நின்ற சுவர். அதில் எண்ணெய்ப் பெயிண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், மூச்சு விடுகிற மாதிரி. மேலே பெயிண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கி, பிறகு சுவரோடு பொரிந்து விழும். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியது எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

கொத்தமங்கலத்துக்காரி | 10:40

பட்டியல்ல இருக்கிறது செட்டிநாடு அண்ணே. எங்க சாமான் அறை இல்ல. தவலையும் அண்டாவும் இடிச்சு இடிச்சுச் சொட்டையான சுவரு அது. நீங்க இப்ப வந்து கண்ணாடிங்கிறீக.

ஒண்ணு ஒத்துக்கிறேன், தேய்க்கலன்னா சாக்பீஸ் நிக்காது. வழுக்கும். முதல் நாளு 'அ' எழுதிப் பாத்தோம், கோடே விழல.

பொறியாளர் (ஓய்வு) | 10:44

கோடு விழவில்லை என்றால் அது முட்டைப் பூச்சு. அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

ப்ரொஜெக்டர் அப்பா | 11:02

என் பேர் அடிபடுதேன்னு வந்தேன். நான் சொன்னது சரியாத்தான் போச்சு பாத்தீங்களா? நான் சொன்ன மாதிரி திரை வச்சிருந்தா சுவரும் தப்பிச்சிருக்கும். ஒழுகுற அறையில, வாளிக்குப் பக்கத்துல, தரையில உக்கார வச்சு. எட்டு வயசுப் பிள்ளையோட முதுகு என்னத்துக்கு ஆகும்?

மூணாங்கட்டு | 11:09

எங்க ஐயாமாருங்க அதே மாதிரி தரையில உக்காந்து, அதே மாதிரி சாய்வு மேசையில வட்டிக்கணக்குப் படிச்சுட்டுத்தான் பெட்டியடிப் பையனா (வட்டிக்கடைச் சின்ன வேலையாளா) ரங்கூனுக்குக் கப்பலேறினாங்க. அங்கேர்ந்து தேக்கும் வந்துச்சு. நீங்க சாஞ்சு நிக்கிற தூண் வந்த வழி அது.

ப்ரொஜெக்டர் அப்பா | 11:15

தரையில உக்காந்ததால வந்துச்சா தேக்கு? நல்ல கணக்கு. நீங்க மட்டும் ஏன் சிங்கப்பூர்ல நாற்காலியில உக்காந்து வேல பாக்குறீங்க?

தேவகோட்டை வாத்தியார் | 11:30

என் கேள்விக்கு இன்னும் பதில் வரல. பத்தாவதுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில எழுதலாம், ஆனா குறைஞ்சது 14 வயசு ஆகணும். நம்ம எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு 12½ முடியணும். இதுக்கெல்லாம் இப்பவே திட்டம் இருக்கான்னுதான் கேக்குறேன். சுவர விடுங்க.

பொறியாளர் (ஓய்வு) | 11:33

சுவரை விட முடியாது ஐயா. பிள்ளை இன்னொரு பள்ளியில் படித்துக்கொள்ளும். பூச்சு போனால் போனதுதான்.

கொத்தமங்கலத்துக்காரி | மதியம் 12:05

"பிள்ளை படித்துக்கொள்ளும்." இத எல்லாரும் ஒருதடவை வாசிங்க.

பாடம் முடிஞ்சு இப்பத்தான் வர்றேன். வாத்தியாரண்ணே, போன வருசம் பள்ளிக்கூட வேன்ல போக நாப்பது நிமிசம், வர நாப்பது நிமிசம். மூணாவது படிக்கிற பிள்ளை வேன்லயே வாந்தி எடுத்துட்டு வந்து படுக்கும். பள்ளியில போய்ச் சொன்னா "எல்லாப் பிள்ளையும் வருதே"ன்னாக. அதுக்கப்புறம்தான் இந்த முடிவு. அரசுப் பாடப்புத்தகம்தான் வச்சிருக்கோம், மூணும் நாலும். புத்தகப் பக்கத்துல இருக்கிற கியூஆர் கோட போன்ல காட்டினா வீடியோ வருது. அதான் எங்க ப்ரொஜெக்டரு.

பொறியாளரண்ணே, அந்தச் சுவத்துல கீழ்ப்பாதி எங்க அப்பச்சி காலத்துலயே சிமெண்டு வச்சுப் பூசினது. எனக்கு நல்லா நெனவிருக்கு.

பொறியாளர் (ஓய்வு) | 12:09

கரும்பலகை கீழ்ப்பாதியிலா, மேல்பாதியிலா?

கொத்தமங்கலத்துக்காரி | 12:11

எட்டு வயசுப் பிள்ளைக்கு எட்டுற உயரத்துல.

பொறியாளர் (ஓய்வு) | 12:13

அது பதில் இல்லை. தரையிலிருந்து எத்தனை அடி?

கல்லுப்பட்டறை | 12:40

நாங்க ஆத்தங்குடியில கல்லுப் போடுறவுக, பூச்சு வேலையும் கொஞ்சம் தெரியும். ஆச்சி, பெயிண்டு படாத எடத்துல எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க. பொங்குனா சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம். அப்புறம் ஒண்ணு, சுவருக்குப் பளபளப்பு குடுக்கிறது பாதி முட்டை, மிச்சம் கையி. இழைப்புத்தான் வேலை. முட்டைய மட்டும் கொட்டிட்டு இழைக்காம விட்டா அது ஆம்லெட்டு.

பொறியாளர் (ஓய்வு) | 12:52

முட்டையைக் கேலி செய்வது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. எங்கள் பள்ளத்தூர் வீட்டில் மேல்பூச்சுக்கு வண்டி வண்டியாக முட்டை வந்ததாக எங்கள் அப்பத்தா சொல்வார்கள்.

மூணாங்கட்டு | 12:55

பள்ளத்தூர் வீடா? அண்ணே, போன வருசம் இதே இடத்துல ஒரு பேச்சு ஓடுச்சே. அந்த வீட்டு ரெண்டாங்கட்டுத் தூணு நாலு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைக்குப் போனதப் பத்தி. அதுக்கு அப்ப நீங்க பதிலே சொல்லல.

பொறியாளர் (ஓய்வு) | 1:01

அது பதினோரு புள்ளியும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. என் கையெழுத்து கடைசி. தூணும் சுவரும் ஒன்றல்ல. தூணைத் திரும்ப வாங்கிவிடலாம்.

மூணாங்கட்டு | 1:03

எங்க, பெங்களூரு ரிசார்ட்டுலேர்ந்தா?

பொறியாளர் (ஓய்வு) | 1:10

நான் அழகப்பர் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்தவன். முப்பத்துநாலு வருடம் அதே வேலை. சிங்கப்பூரிலிருந்து எனக்குப் பூச்சு பற்றிப் பாடம் வேண்டாம். விஷயத்துக்கு வருவோம். கிழக்குச் சுவர்.

கொத்தமங்கலத்துக்காரி | 1:34

அந்தக் கல்லூரியக் கட்டுன அழகப்பச் செட்டியார் பேர நீங்களே எடுத்ததால சொல்றேன். அவுக குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் குடுத்தாக. நான் ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு நாலுக்கு மூணடிச் சுவரு குடுத்தேன்.

எலுமிச்சை விட்டுப் பாத்தேன். லேசாப் பொங்குச்சு.

பொறியாளர் (ஓய்வு) | 1:35

பொங்கியது. நன்றி. வேறு பேச்சு வேண்டாம்.

கல்லுப்பட்டறை | 1:50

அவசரப்படாதீக. பழைய சிமெண்டும் லேசாப் பொங்கும். காத்துப் பட்டுப் பட்டு அதுலயும் சுண்ணாம்பு ஊறியிருக்கும். நெறையாப் பொங்குச்சா, லேசாவா ஆச்சி?

கொத்தமங்கலத்துக்காரி | 1:53

லேசா.

பொறியாளர் (ஓய்வு) | 1:54

'லேசாக' என்பது அளவு அல்ல.

ப்ரொஜெக்டர் அப்பா | 2:20

இங்க ஒருத்தராவது பிள்ளை என்ன படிக்குதுன்னு கேட்டீங்களா? எல்லாரும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கிட்டிருக்கீங்க. இதத்தான் நான் முதல்லயே சொன்னேன், அறை சரியில்லன்னா கவனம் அறையிலதான் இருக்கும்.

மூணாங்கட்டு | 2:24

உங்க பிள்ளை ஏசி அறையில என்ன படிக்குதுன்னு நீங்க சொல்லுங்க. போன மாசம் ப்ரொஜெக்டர் பல்பு போயி ஒரு வாரம் 'விடுமுறை' விட்டேன்னு நீங்கதான எழுதுனீங்க?

ப்ரொஜெக்டர் அப்பா | 2:31

அது உதிரி பாகம் வர லேட்டு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

கொத்தமங்கலத்துக்காரி | 2:50

எங்களுக்கும் போன வாரம் மழையில ரெண்டு நாளு அந்த அறை ஆகல. முகப்புத் திண்ணையில உக்காந்து படிச்சோம். தபால்காரரு வந்தாக, ஊரு பேரெல்லாம் வாசிக்கச் சொன்னாக. கானாடுகாத்தான்னு தட்டாம வாசிச்சா. வாடகையும் இல்ல, உதிரி பாகமும் இல்ல.

தேவகோட்டை வாத்தியார் | 3:15

திண்ணையில படிச்சா திண்ணைப் பள்ளிக்கூடம்னு பேரு வச்சிருவீங்க. அந்தக் காலத் திண்ணையில பாடம் சொன்னவரு வாத்தியாரு, அம்மா இல்ல. நாலு தெருப் பிள்ளைங்க கூட உக்காரும். இங்க ஒத்தைப் பிள்ளை. வேன் நாப்பது நிமிசம்னா பக்கத்து அரசுப் பள்ளி எத்தனை நிமிசம்? அதச் சொல்லவே இல்லையே.

கொத்தமங்கலத்துக்காரி | 3:22

நடந்தா பத்து நிமிசம். அதுக்கும் யோசனை இருக்கு அண்ணே, ஆனா இப்ப இந்த இழையில சொன்னா அதுக்கும் நாலு பேரு கெளம்புவாக.

பொறியாளர் (ஓய்வு) | 3:30

நான் ஒன்றும் கிளம்பவில்லை. ஐந்து மணி நேரமாக ஒரே இடத்தில்தான் நிற்கிறேன்: கிழக்குச் சுவர். செய்ய வேண்டியது எளிது. ஒரு மரப்பலகைக்குக் கருப்புப் பெயிண்டு அடித்துச் சாய்த்து வைத்திருக்கலாம். ஒரு சாதாரணப் பலகை. யாருக்கும் தோன்றவில்லை.

கொத்தமங்கலத்துக்காரி | 3:41

தோணுச்சு. எட்டுக்குப் பத்துல மேசை, தடுக்கு, பீரோ, வாளி போக பலகை சாய்க்க எடமில்ல. ரெண்டுதடவ அவ கால்ல விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் சுவரு.

இன்னொண்ணு. வருசத்துல மூத்தவுகளுக்குப் படைக்கிற படைப்புக்கு ஒருநாள், கல்யாணம் காச்சிக்கு ரெண்டுநாள் வந்து பூட்டத் தொறக்கிறவுகளுக்குச் சுவத்த மட்டுந்தான் தெரியும். வீட்டுல இருந்து கூட்டித் தொடைச்சு, வௌவால் வெரட்டி, ஓடு மாத்தி இருக்கிறவ நான். உங்க பள்ளத்தூர் வீட்டுல இன்னைக்கு யாரு இருக்காக?

பொறியாளர் (ஓய்வு) | 3:44

வாட்ச்மேன் இருக்கிறார்.

மூணாங்கட்டு | 3:45

அவரு மூச்சு விடுவாரா, சுவரு விடுமா?

பொறியாளர் (ஓய்வு) | 3:58

இந்தத் தொனியில் என்னால் பேச முடியாது. ஆனால் தை மாதம் ஊருக்கு வருகிறேன். ஈரமானி எடுத்து வருகிறேன். ஆச்சி அனுமதித்தால் நேரில் பார்த்துவிடுவோம்.

கொத்தமங்கலத்துக்காரி | 4:06

நான் உங்களவிட முப்பது வயசு சின்னவ, ஆச்சின்னு கூப்பிட்டு வயசாக்காதீக. வாங்க, காப்பி தர்றேன். ஆனா ஒம்பதரையிலேர்ந்து பதினொன்றரை வரைக்கும் உள்ள வரப்படாது, பாடம் நடக்கும். வந்தா அவகிட்ட அந்த ஈரமானி எப்படி வேலை செய்யுதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்.

ப்ரொஜெக்டர் அப்பா | 4:15

ஒரு அளவு கருவிக்கு ஒரு பாடம்னு கணக்கு வச்சுட்டீங்க போல.

கல்லுப்பட்டறை | 4:30

ஆச்சி, அந்த நாலு கல்லு வேணும்னா சொல்லுங்க. அதே பூ டிசைன் அச்சு எங்ககிட்ட இருக்கு.

கொத்தமங்கலத்துக்காரி | 4:33

வேண்டாம் தம்பி. 180 ஆயிட்டா கழித்தலுக்கு நான் எங்க போறது?

பொறியாளர் (ஓய்வு) | 4:37

தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் கரும்பலகை தொடங்குகிறது என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அப்பச்சி பூசிய சிமெண்டு எந்த உயரம் வரை என்பதும். இரண்டும் தெரிந்தால் ஒரே நிமிடத்தில் முடியும்.

தேவகோட்டை வாத்தியார் | 4:50

10வது பிரிவு.