'இங்கே அழுத்தவும்' என்று எழுதிப் பட்ட பாடு

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அகப்பக்கம் அமைத்துக் கொடுத்தவன் நான்தான். அன்னதான உபயம், காவடிப் பதிவு, பேருந்து நேரம் என மூன்றுக்கும் 'இங்கே அழுத்தவும்' என்றே எழுதியதோடு, அழகு கருதி அடிக்கோட்டையும் நீக்கி, கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே இணைப்புகளை மட்டும் கருஞ்சிவப்பில் விட்டிருந்தேன். ஓய்வுபெற்ற தண்டல் (தோட்ட வேலை மேற்பார்வையாளர்) ஒருவர் கைப்பேசியை நீட்டி, "தம்பி, இதுல எதைத் தொடணும்? எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு?" என்றார். அவருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்பதைக்கூட, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை எண்ணித்தான் முடிவு செய்வாராம்.

நிறத்தை மட்டுமே அடையாளமாக வைக்கக் கூடாது என்று டபிள்யூ.சி.ஏ.ஜி. எனும், மாற்றுத்திறனாளிகளும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த வகைசெய்யும் அணுகல் நெறிமுறை சொல்வதை நான் முன்பே படித்திருந்தும் பயனில்லை. அன்றிரவே அடிக்கோட்டைத் திரும்பப் போட்டேன். ஆனால் 'பதிவு' என்ற சொல்லில் வுகரத்தின் காலைக் கோடு வெட்டிச் சென்றது. சு, து, பு என்று கீழிறங்கும் எழுத்துகள் நமக்கு ஏராளம் என்பதால், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியில் உள்ள 'டெக்ஸ்ட் அண்டர்லைன் ஆஃப்செட்' பண்பைக் கொண்டு கோட்டைச் சற்றுக் கீழே தள்ளிய பிறகே வாசிக்க முடிந்தது.

---

வணக்கம் அண்ணன். உங்கள் 'இங்கே அழுத்தவும்' அனுபவத்தைப் படித்தேன். பார்வையற்ற என் தங்கை திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறார். இன்செர்ட், எஃப்7 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள் மட்டும் பட்டியலாக வரும். சுற்றியுள்ள வாக்கியம் அதில் வராது. ஒரு கல்வி உதவிநிதிப் பக்கத்தில் அவருக்குக் கேட்டதெல்லாம் 'இங்கே அழுத்தவும்', மறுபடியும் 'இங்கே அழுத்தவும்', ஏழு முறை. 'விண்ணப்பப் பாரம், பிடிஎஃப், 2 எம்பி' என்று இணைப்பிலேயே எழுதியிருந்தால், அலைவரிசை ஒரு கோட்டில் நிற்கும் எங்கள் லயத்தில் அதைத் தரவிறக்கலாமா வேண்டாமா என்பதையும் அவரே முடிவு செய்திருப்பார்.

---

என் அம்மா முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். காய்ப்பேறிய கட்டைவிரல் அவருக்கு. பேருந்து நேரப் பக்கமொன்றில் ஈப்போ, கோலகங்சார் ஆகிய ஊர்களுக்கான இணைப்புகள் ஒட்டி ஒட்டி இருந்ததால், ஒன்றைத் தொட்டால் மற்றொன்று திறந்தது. 2023இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, தொடும் பரப்பு குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், இல்லையேல் போதிய இடைவெளியாவது வேண்டும் என்கிறது. என் பக்கங்களில் நான் 44 வைக்கிறேன், அம்மாவின் விரலை வைத்துப் பார்த்த பிறகு.