சேம் பேக் ‘தட்’டா, ‘ஆஸ்’ஸா? மகனின் விடைத்தாளில் மூன்று சிவப்புக் கோடுகள்

கத்ர்போர்ன் அம்மா:
வணக்கம். நாங்கள் மொரீஷியஸில் இருக்கிறோம். மகன் அடுத்த வருஷம் எஸ்.சி. (ஸ்கூல் சர்டிஃபிகேட்) பரீட்சை எழுதுகிறான். நேற்று அவனுடைய ஆங்கிலக் கட்டுரை திருத்தி வந்தது. மூன்று இடத்தில் சிவப்பு மை.

‘ஐ பாட் (bought) த சேம் பேக் தட் மை சிஸ்டர்.’ இதில் ‘தட்’டை அடித்து, மேலே ‘ஆஸ்’ என்று எழுதியிருக்கிறார் ஆசிரியர்.

‘த கறி வாஸ் ஹாட்டர் தேன் (than) வாட் ஐ தாட் (thought).’ ‘வாட்’ மேல் கோடு.

‘மை மதர்ஸ் தால் பூரி இஸ் பெட்டர் தேன் வாட் தே செல் நியர் த ஸ்கூல்.’ இதிலும் ‘வாட்’ மேல் கோடு, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி. வேறு எதுவும் எழுதவில்லை.

ஏன் தப்பு என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மூன்றுமே தப்பா?

பழைய வாத்தியார்:
மூன்றும் தப்புதான் அம்மா. ‘சேம்’, ‘சச்’ வந்தால் பின்னால் ‘ஆஸ்’. ‘பெட்டர்’, ‘ஹாட்டர்’ மாதிரி சொல் வந்தால் ‘தேன்’. அந்தத் ‘தேன்’னுக்குப் பின்னால் ‘வாட்’ வேண்டாம். இவ்வளவுதான் விதி. நம் பிள்ளைகள் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், அதனால் வருகிற தப்பு இது. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவருக்கு அந்தக் காரணமெல்லாம் தேவையில்லை.

மோக்கா மழை:
ஐயா, கிரியோல் பற்றி நீங்கள் சொன்னது முதல் வாக்கியத்துக்குச் சரி. ‘மெம் சாக் கி மோ சேர்’ (என் அக்காவுடையது மாதிரி அதே பை) என்கிறோம். ‘ப்ளி க்ரான் கி ம்வா’ (என்னை விடப் பெரியவன்) என்றும் சொல்கிறோம். இரண்டிலும் அதே ‘கி’. பிரெஞ்சிலும் இப்படித்தான், ஒரே ‘க’ (que) இரண்டு வேலையையும் பார்க்கிறது. ஆங்கிலம் அந்த வேலையை ‘தட்’, ‘ஆஸ்’, ‘தேன்’ என்று பிரித்துக் கொடுத்துவிட்டது. பையன் ‘கி’யைப் பார்த்ததும் ‘தட்’ போட்டுவிட்டான்.

ஆனால் ‘வாட்’ கிரியோலிலிருந்து வரவில்லை, நம் வீட்டுத் தமிழிலிருந்து வருகிறது. ‘நான் நினைத்ததை விட’ என்கிறோம் இல்லையா? அந்த ‘நினைத்தது’தான் ‘வாட் ஐ தாட்’ ஆகிவிடுகிறது. அதை அடித்தது சரி. மூன்றாவதை அடித்ததை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ‘வாட்’டை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: ‘பெட்டர் தேன் தே செல் நியர் த ஸ்கூல்’. எதை விற்கிறார்கள்? வாக்கியம் நொண்டுகிறது. அவன் எழுதியது சரியான ஆங்கிலம், அதற்கு மார்க் குறைத்தது அநியாயம்.

பழைய வாத்தியார்:
நீங்கள் சொல்கிற நுணுக்கம் பதினைந்து வயதுப் பையனுக்குப் பரீட்சை ஹாலில் ஞாபகம் வருமா? ‘வாட்’ வேண்டாம் என்று ஒரே விதியாகச் சொல்லிக்கொடுத்தால் பத்தில் ஒன்பது இடத்தில் தப்பிப்பான். முப்பது வருஷம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன்.

ரோஸ்ஹில் தம்பி:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். ‘டாலர் தேன் மீ’ (taller than me) தப்பு, ‘தேன் ஐ’தான் சரி என்று எங்களை அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது, 1762-இல் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கணத்திலேயே அந்தக் கண்டிப்பு இருக்கிறது. அதே லௌத் ‘தேன் ஹூம்’ (than whom) மட்டும் சரி என்று விட்டுவிட்டார். கவிஞர் மில்டன் 1667-இல் ‘தேன் ஹூம்’ என்றுதான் எழுதினார். ஒரே விதியில் எல்லாம் அடங்கும் என்பது இங்கிலாந்திலேயே நடக்கவில்லை, ஐயா.

மோக்கா மழை:
ஐயா, பையனுக்கு ஞாபகம் இருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான், அதையும் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். ‘-ததை விட’ என்று வருகிற இடத்தில் அந்த ‘அது’வுக்குப் பதிலாக ஒரு பொருளின் பெயரை வைக்க முடிகிறதா?

‘அவர்கள் விற்பதை விட’: விற்கிற பூரியை விட. பூரி உட்கார்ந்துகொள்கிறது, ‘வாட்’ இருக்கட்டும்.

‘நான் நினைத்ததை விடக் காரம்’: நினைத்த எதை விட? ஒரு பொருளும் பொருந்தவில்லை, இங்கே பேச்சு காரத்தின் அளவைப் பற்றி. ‘வாட்’டை எடுத்துவிடு.

‘நான் ஓடுவதை விட வேகமாக’ என்பதிலும் எதுவும் உட்காராது. ‘ஃபாஸ்டர் தேன் ஐ ரன்’ போதும்.

என் தங்கை மகளுக்கு அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கே பிடித்துக்கொண்டாள்.

‘சேம்’ விஷயத்திலும் ஒரு திருத்தம். ‘த சேம் பேக் தட் மை சிஸ்டர் பாட்’ என்று முடித்திருந்தால் ‘தட்’ தப்பே இல்லை. வினைச்சொல் இல்லாமல் வெறும் ‘மை சிஸ்டர்’ என்று நின்றுவிட்டதால்தான் ‘ஆஸ்’ கட்டாயமாகிறது.

பழைய வாத்தியார்:
பூரியை வைத்துப் பார்த்தேன். சரி, மூன்றாவது வாக்கியத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ‘சேம்’மில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘ஆஸ்’ என்றால் அதே மாதிரிப் பை, ‘தட்’ என்றால் அக்கா வாங்கின அந்தப் பையேதான். எங்கள் காலத்தில் அப்படித்தான் படித்தோம்.

மோக்கா மழை:
அந்த வித்தியாசத்தை ஆங்கிலேயர்களே பேச்சிலும் எழுத்திலும் காப்பாற்றுவதில்லை, ஐயா. ஒரே வீட்டில் இருக்கிற இருவரும் ‘த சேம் ஹவுஸ் ஆஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். அது ஒரே வீடுதானே, அதே மாதிரி இன்னொரு வீடு இல்லையே.

பழைய வாத்தியார்:
பேசுகிறவர்கள் எப்படியும் பேசட்டும். வித்தியாசம் தெரிந்து எழுதினால் தெளிவு. நான் சொல்லிக்கொடுப்பதை மாற்றமாட்டேன்.

கத்ர்போர்ன் அம்மா:
இரண்டு பேருக்கும் நன்றி. இப்போதுதான் மகனை உட்காரவைத்து ‘-ததை விட’ கேள்வியைக் கேட்டேன். கறி வாக்கியத்தில் அவனே ‘வாட்’டை அடித்தான். பூரி வாக்கியத்தில் பேனாவை எடுத்து, அடித்த ‘வாட்’டை நீல மையில் திரும்ப எழுதிவிட்டான். நாளைக்குத் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன், அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருகிறேன்.