பறவை பார்க்க நல்ல பைனாகுலர் வேண்டும், உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கம் அரசுப் பேருந்தில் நடத்துநர். ட்யூட்டி முடிந்து மறுநாள் ஓய்வு கிடைத்தால், விடியுமுன் பைக்கை எடுத்துக்கொண்டு கூந்தன்குளம் போய்விடுவேன். நாளெல்லாம் விசிலும் சில்லறைச் சத்தமுமாக இருக்கும் காதுக்கு அந்தக் குளக்கரை தனி சுகம். மஞ்சள் மூக்கு நாரை ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டும்; வீட்டு வாசலில் நின்றே பார்க்கலாம். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை முதன்முதலில் பார்த்த அன்று சாப்பிடவே தோன்றவில்லை.

என் சிக்கல் கரைப்பறவைகளில்தான். என்னிடம் இருப்பது திருவிழாக் கடையில் வாங்கிய பைனாகுலர். தூரத்தில் சேற்றில் நிற்பது பச்சைக்காலியா பவளக்காலியா என்று காலின் நிறம்கூடத் தெரிவதில்லை.

8x42 வாங்குவதா, 10x42 வாங்குவதா? முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில்; அதுவரை படித்துவிட்டேன். பத்து மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும் என்கிறார்கள். ஆனால் குளம் அகலமானது, அதனால்தான் குழப்பம். அப்புறம், நான் கண்ணாடி போடுகிறவன். கண்ணாடியோடு முழு வட்டமும் தெரிகிற மாடல் எது?

எட்டாயிரம் ரூபாய் வரை சேர்த்திருக்கிறேன். பழையது என்றாலும் சரி, லென்ஸில் பூஞ்சை இல்லாமல் இருந்தால் போதும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு முன் கையில் கிடைக்க வேண்டும் என்று ஆசை. பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.