ஒரு வருடம் சொல்லிக் கொடுத்தாயிற்று, இனி வகுப்பில் கூடவே செய்வதை நிறுத்தலாமா?

விரிப்புக்காரி:

வணக்கம். யோகா சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துப் போன வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, வாரத்தில் ஐந்து நாள். 200 மணி நேர ஆசிரியர் பயிற்சியை முடித்த கையோடு இறங்கிவிட்டேன். அதில் ஆசனங்களின் பெயர் இருந்தது, உடற்கூறு இருந்தது, பிராணாயாமம் இருந்தது. எதிரே 20 பேர் நிற்கும்போது வாய் "வலது கை" என்று சொல்ல, நான் இடது கையைத் தூக்க வேண்டும் என்ற சங்கதி மட்டும் இல்லை. முதல் மாதம் திரிகோணாசனத்தில் பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் மறுபக்கமும் சாய்ந்து, தலையோடு தலை முட்டாத குறை.

ஐந்தாவது மாதம் நடந்ததை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நன்றாக வளையக்கூடிய ஒரு பெண். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் நெற்றி காலைத் தொட நாலு விரற்கடைதான் பாக்கி. பின்னால் போய் இரண்டு உள்ளங்கையையும் அவர் முதுகில் வைத்து மெல்ல அழுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்து, உட்காரும்போது பிட்டத்துக்கு அடியில் ஒரே இடத்தில் சுள்ளென்கிறது என்றார். அந்த வலி போக நாலு மாதம் பிடித்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த நாலு விரற்கடை யாருக்கு வேண்டியிருந்தது? சத்தியமாக எனக்குத்தான்.

அதன்பிறகு யாரையும் தொடுவதில்லை. முன்னால் நின்று நானும் சேர்ந்து செய்வேன், அவ்வளவுதான். பத்தாவது மாதம் கணுக்கால் பிசகி, பத்து நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வகுப்பு எடுத்தேன். அப்போதுதான் இவர்களை முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். முதல் வரிசையில் ஒருவர் எந்த ஆசனத்துக்குப் போனாலும் பல்லைக் கடித்து மூச்சைக் கட்டிவிடுகிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது. இன்னொருவருக்கு, கையையும் காலையும் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக ஸ்வானாசனத்தில் ஆட்காட்டி விரலின் அடிப்பகுதி தரையிலிருந்து எழும்பி, மொத்த பாரமும் மணிக்கட்டின் வெளிப்பக்கம் போய்விடுகிறது. மணிக்கட்டு வலி, மணிக்கட்டு வலி என்று ஆறு மாதமாகச் சொல்கிறவர் அவர்தான்! கடைசி வரிசைப் பெரியவர் சவாசனத்திலிருந்து விருட்டென்று எழுந்து, தலை சுற்றி, யாருக்கும் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இதையெல்லாம் எங்கே பார்த்திருப்பேன்?

ஆனால் மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை. "மேடம் சும்மா உட்கார்ந்து சொல்றதுக்கு நாங்க வீட்லயே செஞ்சுக்கலாமே" என்று ஒருவர் சொல்லிவிட்டு நின்றும் போனார். கால் சரியானதும் பழையபடி கூடவே செய்ய ஆரம்பித்துவிட்டேன். தொண்டை கட்டுகிறது. என் சொந்தப் பயிற்சி என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. நீங்களெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்?

பழைய_பாய்:

22 வருடமாக இதே வேலை. எனக்கு இது புரிய ஆறு வருடம் ஆனது, உங்களுக்குக் கணுக்கால் உதவியிருக்கிறது.

நான் செய்வது இதுதான். புது ஆசனம் என்றால் ஒரே ஒரு முறை, வாயைத் திறக்காமல் செய்து காட்டுவேன். பேசிக்கொண்டே காட்டினால் பார்ப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. அப்புறம் அவர்கள் இரண்டு முறை செய்வார்கள், நான் நடப்பேன். காட்டும்போது என்னால் முடிந்த அழகைக் காட்ட மாட்டேன். முழங்காலை மடக்கி, கைக்கு அடியில் கட்டை வைத்து, வகுப்பிலேயே விறைப்பான ஆளுக்கு எது வருமோ அதைக் காட்டுவேன். இதற்குத்தான் முதலில் மனசு வராது. நமக்கு வருவதைக் காட்டாமல் இருப்பது லேசில்லை.

பதஞ்சலியின் யோக சூத்திர நூலில் உள்ள 196 சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவது மூன்றே மூன்று. அதில் முதலாவது நிலையாக இரு, சுகமாக இரு என்கிறது. நெற்றி எங்கே தொட வேண்டும் என்று எதுவும் இல்லை. போன நூற்றாண்டின் பெரிய யோகா குரு கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்ற மூவரைப் பாருங்கள். பட்டாபி ஜோயிஸ் மூச்சோடு ஓடும் தொடர்களாகச் சொல்லிக் கொடுத்தார். பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, கயிறு, போர்வை, கட்டை என்று உடம்புக்குத் தக்கபடி முட்டுக் கொடுத்தார். குருவின் மகன் தேசிகாச்சார் ஆளுக்கேற்ற பயிற்சி என்று போனார். குரு ஒருவர்தான். எதிரே இருக்கிற ஆளைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்ததால்தான் இவ்வளவு வித்தியாசம் என்பது என் எண்ணம்.

நின்று போனவரைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். அவருக்கு வேண்டியது கூட ஆடுகிற ஆள்.

நாலாவது_வரிசை:

டீவியில் ஒரு வீடியோவை ஓடவிட்டு நீங்கள் சுற்றிப் பாருங்கள். பிரச்சினை தீர்ந்தது.

எலும்பும்_தசையும்:

நான் பிசியோதெரபிஸ்ட். அந்தப் பெண்ணுக்கு வலித்த இடத்தைப் படித்ததும் புரிந்தது. பின்தொடைத் தசைகள் மேலே போய் ஒட்டுகிற இடம் அதுதான், நாம் உட்காரும் எலும்பு. முன்னால் குனிந்த நிலையில் அங்கே தசைநார் ஏற்கனவே இழுபட்டு, எலும்போடு அழுந்தியிருக்கும். வெளியிலிருந்து இன்னொரு கை அழுத்தினால் தாங்காது. தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் ஆற மாதக்கணக்கில் ஆகும். பலர் "இறுக்கமாக இருக்கிறது" என்று அதையே மேலும் மேலும் நீட்டிக் கெடுத்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளைக்குக் குனிவதைக் குறைத்து, படிப்படியாகப் பலம் ஏற்றுவதுதான் வழி. நன்றாக வளைகிறவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன். அவர் இப்போது எப்படி இருக்கிறார்?

இன்னொன்று. சேரும்போது கண் அழுத்த நோய் உண்டா என்று கேட்கிறீர்களா? ரத்த அழுத்தத்தை எல்லாரும் கேட்பார்கள், இதைக் கேட்க மாட்டார்கள். தலை கீழே போகிற நிலைகளில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். சிரசாசனம் மட்டுமில்லை, அதோமுக ஸ்வானாசனத்திலும்தான்.

மூன்று_வருட_மாணவன்:

மாணவர் தரப்பிலிருந்து ஒரு சின்னச் சண்டை. எனக்குக் காது வழியாக எதுவும் ஏறாது. "இடுப்பைப் பின்னால் கொண்டுபோய், விலாவை நீட்டி" என்று எங்கள் சார் சொல்லும்போது எனக்குக் கிடைப்பது "இடுப்பு" மட்டும்தான். நின்று செய்யும் ஆசனங்களில் முன்னால் ஒரு உருவம் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் குனிந்துவிட்டால் எனக்குத் தெரிவது என் முழங்கால்தான். அங்கே நீங்கள் எவ்வளவு பிரமாதமாகச் செய்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள், தாராளமாக எழுந்து நடங்கள்.

தொடுவதையும் ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். ஒருமுறை எங்கள் சார், "தொடலாமா?" என்று கேட்டுவிட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே இரண்டு விரலை வைத்தார். அழுத்தவில்லை. "இந்த இடத்தை மேலே அனுப்பு" என்றார். மூன்று வருடத்தில் எனக்கு, குப்புறப் படுத்து மார்பைத் தூக்கும் புஜங்காசனம் புரிந்தது அந்த ஒரு நாள்தான்.

விரிப்புக்காரி:

எல்லாருக்கும் நன்றி. (நாலாவது வரிசைக்கும். வீடியோவில் வருபவர் என்னைவிட நன்றாக வளைவார், அப்புறம் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்.)

பிசியோதெரபிஸ்ட் சாருக்கு: அவர் திரும்ப வந்துவிட்டார். இப்போது முழங்காலை மடக்கி, பாதத்தில் பெல்ட் மாட்டிக்கொண்டு பாதி தூரம்தான் குனிகிறார். கண் விஷயம் நான் கேட்டதே இல்லை, நாளைக்கே கேட்கிறேன்.

இரண்டு நாளாகச் செய்து பார்க்கிறேன். வகுப்புக்கு முன்பே சொல்லிவிட்டேன்: நிற்கும் ஆசனத்தில் ஒருமுறை காட்டுவேன், மற்ற நேரம் நடப்பேன், என்னைத் தேடாதீர்கள் என்று. முதல் நாள் ஆளாளுக்குத் தலையைத் தூக்கி என்னைத் தேடினார்கள். இன்று கொஞ்சம் பரவாயில்லை. பல்லைக் கடிக்கிறவர் பக்கத்தில் போய் மெதுவாக "மூச்சு" என்றேன். "ஓ, விடணுமா?" என்றார்! பதினொரு மாதமாக அவருக்கு நேர் எதிரே நின்று உள்ளே, வெளியே என்று தொண்டை கட்டக் கத்தியது நான்தான்.

பின்னால் நின்று சொன்னதில் இன்னொரு லாபம், என் வலதும் அவர்கள் வலதும் ஒன்றாகிவிட்டது. ஆனால் பழக்க தோஷம், வலது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இடது என்று சொல்லிவிட்டேன். வகுப்பே தப்பான பக்கம் சாய்ந்தது. இந்த முறை எல்லாரும் ஒரே பக்கம்.