ஹாலோங் விரிகுடா: பகல் படகு போதுமா, இரவு தங்கணுமா?

தேக்காவாசி: ஜூன் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூர்லேருந்து வியட்நாம் போறோம், ஹனோய், 4 நாள். அம்மாவுக்கு 68 வயசு, முட்டிவலி. ஹாலோங்குக்கு ஒருநாள் படகா, ஓரிரவு படகா?

அலைகடல்: ஓரிரவுதான். ஹனோயிலிருந்து விரைவுச்சாலையில் போகவே ரெண்டரை மணி நேரம். பகல் பயணம்னா 5 மணி நேரம் வேனிலேயே போயிடும். சாப்பாடு, குகை போக தீவுகளைப் பார்க்க மிஞ்சுறது கொஞ்சம்தான். ஓரிரவு படகில் நண்பகல் ஏறினா மறுநாள் பத்தரை, 11 மணிக்குத்தான் இறக்குவாங்க. விடியல்ல பகல் படகு ஒண்ணும் வந்திருக்காது.

ஈசூன்_துடுப்பு: ஒத்துக்க மாட்டேன். இரவுப் படகுகளுக்கு நங்கூரமிட இடம் குறிச்சிருக்கு, எல்லாம் அங்கேதான் நிக்கும். ஜெனரேட்டர் சத்தம் ராத்திரி முழுக்க. கீழ்த்தளப் பின்பக்க அறை கிடைச்சா தூக்கம் போச்சு. அதைவிட முக்கியம், ஜூன்ல புயல் பருவம் தொடங்கிடும். துறைமுக நிர்வாகம் தடை போட்டா, தங்கப் போனவங்களையும் அன்னைக்கே கரைக்குத் திருப்பிடுவாங்க. ஹனோயில் அறையும் இருக்காது.

அலைகடல்: மேல்தள முன்பக்க அறைன்னு எழுத்துல கேட்டு வாங்கணும். வானிலைக்குப் பகல் படகு மட்டும் விதிவிலக்கா? 2025 ஜூலையில் திடீர்ச் சூறைக்காற்றில் கவிழ்ந்து பல உயிர் போனது பகல் படகுதான், அதுவும் மதியத்தில். மேகம் கறுத்தா மூடின அறைக்குள்ள உட்காராதீங்க. உயிர்காப்பு உடையை மாட்டிட்டு வாசல் பக்கம் இருங்க.

ஈசூன்_துடுப்பு: அதனாலதான் படகு நாளைக் கடைசி நாளா வைக்காதீங்கன்னு சொல்றேன். 4 நாள்ல ரெண்டாவது நாள் பகல் படகு வச்சா, ரத்தானாலும் மறுநாள் மாத்தலாம். ஓரிரவுன்னா மாத்த இடமே இல்ல.

அம்மா விஷயத்துக்கு வாங்க. படகு நிக்கிற டி டாப் (Ti Top) தீவு உச்சிக்கு 400 படிக்கு மேல, அவங்க கடற்கரையிலேயே இருக்கட்டும். சுங் சொட் குகையில் ஏறுற வழி வேற, இறங்குற வழி வேற; பாதி வழியில் திரும்ப முடியாது. படி ஈரமா இருக்கும், ரப்பர் அடி உள்ள காலணி போடச் சொல்லுங்க.

பீஷான்_மாலுமி: ரெண்டு பேரும் ஓதத்தை, அதான் கடல்மட்ட ஏற்ற இறக்கத்தை, விட்டுட்டீங்க. ஹாலோங் இருக்கிற டோங்கின் வளைகுடாவில் பொதுவா நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். பெரிய ஓதத்தில் வித்தியாசம் 3 மீட்டரைத் தாண்டும். லுவோன் குகைவளைவுக்குள் மூங்கில் படகு போறது அதைப் பொறுத்தது. நீர் ஏறினா தலை இடிக்கும். நீர் இறங்கினப்போ பாறை அடியைக் கிட்டப் போய்ப் பாருங்க: கடல்நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைச்சு உள்வாங்கின பள்ளம், அதன் விளிம்பில் சிப்பி ஒட்டியிருக்கும். அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்துட்டு நாளை முடிவு பண்ணுங்க. கூட்டம் வேண்டாம்னா பக்கத்துல உள்ள லான் ஹா விரிகுடா பக்கம் போங்க, படகு குறைவு. 2023ல் அங்குள்ள காட் பா தீவுக்கூட்டத்தையும் ஹாலோங்கோட யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துக்கிச்சு.

அலைகடல்: லான் ஹாவுக்கு நானும் கைதூக்குறேன். ஆனா அதுக்கும் ஓரிரவுதான் சரி. முடிஞ்சா டிசம்பர் விடுமுறைக்குத் தள்ளுங்க, மழை குறைவு.

தேக்காவாசி: டிசம்பர் லீவு கிடைக்காது. அம்மா சைவம்.

ஈசூன்_துடுப்பு: முன்பதிவிலேயே மீன்சாறு கூடாதுன்னு சொல்லிடுங்க, காய்கறியிலும் ஊத்துவாங்க. அம்மா இந்தியப் பாஸ்போர்ட்டா? சிங்கப்பூர் நிரந்தரவாசியா இருந்தாலும் இ-விசா வேணும். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா வேண்டாம். பயணிகள் பட்டியல்ல பாஸ்போர்ட் எண் சரியா இருக்கணும், அசலைக் கையிலேயே வச்சிருங்க.