பூங்காவில் புதையல் வேட்டை: துப்புச் சீட்டு நிற்கவே மாட்டேன் என்கிறது, யோசனை சொல்லுங்கள்

கேள்வி:
வணக்கம். 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காகப் பொதுப் பூங்கா ஒன்றில் புதையல் வேட்டை நடத்தவிருக்கிறோம். நான்கு குழு, எட்டுத் துப்பு. ஒத்திகை பார்த்தபோது வந்த சிக்கல்கள்:
பெஞ்சுக்கு அடியில் ஒட்டிய சீட்டுகளை யாரோ எடுத்துவிடுகிறார்கள்.
முதல் குழு எங்கே போகிறதோ, மற்ற மூன்றும் அங்கேயே ஓடுகின்றன.
மேப்பில் குறித்த புள்ளி, மரங்கள் அடர்ந்த பக்கம் தள்ளித் தள்ளிக் காட்டுகிறது.
பிள்ளைகள் ரொம்ப ஆவலாகக் காத்திருக்கிறார்கள். வழி சொல்லுங்களேன்.

பதில் 1:
துப்புரவுப் பணியாளருக்கு அந்தச் சீட்டு குப்பைதான், எடுக்கத்தான் செய்வார். எதையும் ஒட்டாதீர்கள். பூங்காவில் ஏற்கெனவே இருப்பதையே துப்பாக்குங்கள். கல்வெட்டில் உள்ள ஆண்டின் கடைசி இலக்கம், பெஞ்சில் உள்ள பலகைகளின் எண்ணிக்கை, விளக்குக் கம்பத்தில் எழுதிய எண் இவற்றை யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது. விடையைக் குழுவோடு வரும் பெரியவரிடம் சொன்னால் அடுத்த துப்பு கிடைக்கும்.

பதில் 2:
கூட்டம் சேர்வதற்கு மருந்து, வட்டப் பாதை. முதல் குழு 1-இல் தொடங்கட்டும், அடுத்தவை 3, 5, 7-இல். எட்டாவது துப்பு ஒன்றாம் இடத்தைக் காட்ட வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஓர் எழுத்து கொடுங்கள். எல்லாம் சேர்ந்தால் புதையல் பெட்டி இருக்கும் இடம் தெரிய வேண்டும். பெட்டி வேப்பமரத்தின் அடியில் என்றால் ‘வேப்பமரத்தடி’. புள்ளி எழுத்துகளையும் சேர்த்துச் சரியாக எட்டு. தொடங்கும் இடம் மாறுவதால் எழுத்துகள் வரிசை மாறித்தான் வரும், ஆகவே 1 முதல் 8 வரை கட்டம் போட்ட தாள் அவசியம். ஐந்தாறு எழுத்திலேயே ஊகித்துவிடும் கெட்டிக்காரர்கள் இருப்பார்கள். எட்டுக் கட்டமும் நிரம்பிய தாளுக்குத்தான் பெட்டி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அருமை! ஆனால் பலகை எண்ண வேண்டிய பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தால்?

பதில் 1:
நல்ல கேள்வி. அவரை எழுப்பக் கூடாது, பூங்கா அவருக்கும் உரியது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மாற்றுக் கேள்வியை எழுதி, கூட வரும் பெரியவரிடம் உறையில் கொடுத்து வையுங்கள்.

பதில் 3:
மேப் பற்றி: திறந்த வெளியில் செல்போன் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் காட்டும். இலைக்கூட்டமும் கட்டடங்களும் சிக்னலைத் தடுத்தாலோ திருப்பிவிட்டாலோ பிழை கூடும். பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே 2-இல் நீக்கியது. மறுநாளே, ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் புள்ளியை வைத்துத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டு பிறந்தது. அதிலும்கூட, புள்ளிக்குப் பக்கத்தில் போனபிறகு கண்ணால்தான் தேட வேண்டும். நீங்களும் ஜிபிஎஸ்ஸைப் பகுதியைக் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘இருபது காலடி நட’ என்றும் எழுத வேண்டாம், 8 வயதுக் கால் வேறு, 12 வயதுக் கால் வேறு. ‘ஊஞ்சலிலிருந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மூன்றாவது மரம்’ என்றால் குழப்பமில்லை.

பதில் 4:
பூங்கா நிர்வாகத்திடம் நாள், நேரம், ஆள் கணக்கு சொல்லி முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். அன்று எந்தப் பகுதி மூடியிருக்கும், எங்கே தண்ணீர் பாய்ச்சுவார்கள் என்றும் கேளுங்கள். மரத்தில் ஆணி கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது. பொந்து, புதர், குளக்கரை எதிலும் துப்பு வைக்காதீர்கள். பிள்ளைகள் யோசிக்காமல் கையை விட்டுவிடுவார்கள். விசில் மூன்று முறை ஊதினால் எல்லோரும் நுழைவாயிலுக்கு வர வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே ஒருமுறை ஓடவைத்துப் பழக்கிவிடுங்கள்.