பழைய ரவுட்டரைப் பாலமாக்கினால் பிரின்டரின் மேக் முகவரி தெரியுமா?

கம்பிநேசன்:
வைஃபை இல்லாத பிரின்டரையும் மேசைக் கணினியையும் வீட்டு வைஃபையில் சேர்க்க, பழைய ரவுட்டர் ஒன்றைக் கிளையன்ட் பிரிட்ஜாக (வைஃபையைப் பிடித்துக் கேபிளில் உள்ள கருவிகளுக்குக் கொடுக்கும் பாலமாக) அமைத்தால் போதும் என்றும், அதன்பின் ஒவ்வொரு கருவியும் தன் சொந்த மேக் முகவரியோடு (தயாரிப்பாளர் கருவிக்குக் கொடுத்த அடையாள எண்) முதன்மை ரவுட்டருக்குத் தெரியும் என்றும் அலைவரிசை எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி; இரண்டாம் பாதி தவறு. கிளையன்ட் (இங்கே அந்தப் பழைய ரவுட்டர்) அனுப்பும் சாதாரண 802.11 சட்டகத்தில், அதாவது வைஃபை தரவுப் பொட்டலத்தில், மூன்று முகவரிகளுக்குத்தான் இடமுண்டு: ரவுட்டர், கிளையன்ட், போய்ச் சேர வேண்டிய கருவி. பின்னால் கேபிளில் இருக்கும் பிரின்டரின் முகவரிக்கு நான்காவது இடம் வேண்டும். அது ரவுட்டர்களை வைஃபையிலேயே இணைக்கும் டபிள்யூடிஎஸ் முறையில் உண்டு, இதில் இல்லை.

அலைவரிசை:
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. என் முதன்மை ரவுட்டரின் டிஹெச்சிபி பட்டியலில் (எந்தக் கருவிக்கு எந்த ஐபி, அதாவது வலையமைப்பு முகவரி, கொடுத்தது என்ற பட்டியல்), பிரின்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும் அதே மேக் முகவரி ஓர் எழுத்தும் பிசகாமல் நிற்கிறது. தெரிகிறது என்றால் தெரிகிறது.

கம்பிநேசன்:
டிஹெச்சிபி பட்டியல் சாட்சியாகாது. ஐபி கேட்கும் கோரிக்கைக்கு உள்ளேயே பிரின்டர் தன் மேக் முகவரியை எழுதி அனுப்புகிறது. பாலம் சட்டகத்தின் தலைப்பில் உள்ள முகவரியை மாற்றுகிறது, அந்தக் கோரிக்கைக்குள் இருப்பதை அல்ல. எந்த ஐபிக்கானதை எந்த மேக் முகவரிக்கு அனுப்புவது என்று ரவுட்டர் குறித்துவைக்கும் ஏஆர்பி அட்டவணையைத் திறந்து பாருங்கள்: பாலத்துக்குப் பின்னால் உள்ள எல்லா ஐபிகளுக்கும் எதிரே பழைய ரவுட்டரின் மேக் முகவரி ஒன்றே இருக்கும். சில பிரின்டர்களுக்கு இந்த அமைப்பில் ஐபியே கிடைக்காமல் போவதும் இதனால்தான்: ரவுட்டர் பதிலைப் பிரின்டரின் முகவரிக்கு நேரடியாக அனுப்பினால், அந்த முகவரி வைஃபையில் இணைந்திருக்கவில்லை என்பதால் பதில் அங்கேயே நின்றுவிடுகிறது. அப்போது நிலையான ஐபியைக் கையால் கொடுக்க வேண்டியிருக்கிறது. பெட்டியில் 54 மெகாபிட் என்று அச்சிட்டிருந்தால் 54 கிடைக்கும் என்று முன்பு நீங்கள் சாதித்ததும் இதே போக்கில்தான். 802.11ஜி என்ற பழைய வைஃபை தரத்துக் கருவியில் கைக்கு வருவது அதில் பாதிக்கும் குறைவு.

அலைவரிசை:
வேகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பழைய கணக்கை இங்கே தீர்க்க வேண்டாம். அச்சிடுவதற்கு அந்த வேகமே அதிகம். டிஹெச்சிபி பட்டியலுக்கு இன்னும் பதில் வரவில்லை.

பழம்பெட்டி:
இருவரும் பாதுகாப்பை மறந்துவிட்டீர்கள். டபிள்யூஇபி என்ற பழைய வைஃபை பாதுகாப்பு முறை மட்டுமே தெரிந்த பெட்டியை இணைப்பதற்காக வீட்டு வைஃபை முழுவதையும் அந்தத் தரத்துக்கு இறக்குவது பெரும் பிழை. அது 2001-லேயே உடைக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த டபிள்யூபிஏ2 முறையின் ஓட்டையைப் பயன்படுத்தி 2017-இல் வெளியான கிராக் தாக்குதலும் முதன்மையாகக் கிளையன்ட் பக்கத்தையே குறிவைத்தது.

அலைவரிசை:
டபிள்யூஇபி பயன்படுத்தச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? என் பெட்டியில் டபிள்யூபிஏ2 இருக்கிறது, ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளை ஏற்றியிருக்கிறேன்.

பழம்பெட்டி:
எந்தப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள். 4 மெகாபைட் ஃப்ளாஷ் நினைவகம் மட்டுமே உள்ள பெட்டிகளில் இன்றைய பதிப்பு ஏறாது. பல ஆண்டுகளாகத் திருத்தம் காணாத மென்பொருளை நம்பச் சொல்வது நியாயமில்லை.

புதியவன்:
ஒருவர் டிஹெச்சிபி பட்டியலையும் மற்றவர் ஏஆர்பி அட்டவணையையும் பார்க்கிறீர்கள். இரண்டும் அவற்றின் இடத்தில் சரியாக இருக்கலாம் அல்லவா? என் மேசைக் கணினிக்கு எதைச் செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

கம்பிநேசன்:
சமரசத்துக்கு இங்கே இடமில்லை. தெரிவது என்றால் சட்டகத்தில் தெரிவது. அதற்குச் சான்றும் எளிது: முதன்மை ரவுட்டரின் மேக் வடிகட்டியில் (குறித்த முகவரிகளை மட்டும் வைஃபையில் சேர விடும் வசதி) பழைய ரவுட்டரின் முகவரியை மட்டும் அனுமதித்துப் பாருங்கள், பின்னால் உள்ள பிரின்டர் தடையின்றி வேலை செய்யும். அதன் முகவரி தெரிந்திருந்தால் வடிகட்டி அதையும் தடுத்திருக்க வேண்டும். முகவரி உண்மையிலேயே கடந்துபோக வேண்டுமானால் இரண்டு முனைகளிலும் டபிள்யூடிஎஸ் வேண்டும்; தயாரிப்பாளர்கள் வேறுபட்டால் அது இணங்குவதற்கு உறுதியில்லை. இதை நான் மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

அலைவரிசை:
வடிகட்டியை நான் பயன்படுத்துவதே இல்லை. பிரின்டரின் மேக் முகவரிக்கு எதிரே நான் ஒதுக்கிவைத்த ஐபி, ஒவ்வொரு முறையும் அதற்கே போகிறது. தெரியாத முகவரிக்கு ரவுட்டர் எப்படி ஐபி ஒதுக்கும்?

கம்பிநேசன்:
ஏஆர்பி அட்டவணையின் படத்தை இங்கே இடுங்கள்.

அலைவரிசை:
முதலில் டிஹெச்சிபி பட்டியலுக்குப் பதில் சொல்லுங்கள்.